பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்!

ஒரு சின்ன வேலை சொல்கிறேன், செய்து பாருங்கள். காசு செலவில்லை. டி.வி.யில் ஏதாவது ஒரு காதல் பாட்டு ஓடும்போது ரிமோட்டை எடுத்து, சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திவிடுங்கள். இப்போது வெறும் படம். பாடுகிறவன் என்ன மனநிலையில் இருக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கிறானா? பிரிந்து போனவளை நினைத்து உருகுகிறானா? இல்லை, ஏதாவது கூலிங்கிளாஸ் கம்பெனிக்கு மாடலாக நிற்கிறானா?

பதில் மூன்றாவதாகத்தான் வரும். பந்தயம் கட்டலாம்.

அடுத்து, அதே பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குரல் தழுதழுக்கிறது. புல்லாங்குழல் கெஞ்சுகிறது. வயலின்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றன. இவ்வளவு அழுகையும் அங்கே ஆடிக்கொண்டிருந்த ஆசாமிக்கா என்று உங்களுக்கே சந்தேகம் வரும். பாட்டு எழவு வீட்டில் இருக்கிறது. படம் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நூலில் தைத்து, 'வீடியோ சாங்' என்று பெயர் வைத்து நம் தலையில் கட்டுகிறார்கள். நாமும் வாங்கிக்கொள்கிறோம்.

வாங்கிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் இந்த வாரக் கட்சி.

ஊர் பெயர் சொல்லாமல் திட்டினால் யாருக்கும் உறைக்காது. ஆகவே ஊரோடு சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே போனால் மணப்பாடு. மணல் குன்று, மேலே திருச்சிலுவை ஆலயம், கீழே கடல். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் வந்து நடந்த முத்துக்குளித்துறைக் கரை. அங்கேதான் மணிரத்னம் 'கடல்' படத்தை எடுத்தார். 2013 பிப்ரவரியில் வெளிவந்தது. எழுத்தில் ஜெயமோகன், கேமராவில் ராஜீவ் மேனன், இசையில் ஏ.ஆர்.ரஹ்மான். இதைவிடப் பெரிய கூட்டணி தமிழில் கிடைக்குமா?

அந்தப் படத்தில் 'அடியே' என்று ஒரு பாட்டு. எழுதியவர் மதன் கார்க்கி. சித் ஸ்ரீராம் என்ற இளைஞரைத் தமிழுக்கு அறிமுகம் செய்த பாட்டு. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பித்து, ஒருத்தன் தன்னந்தனியாக நின்று, தனக்கு என்ன நடக்கிறதென்றே தெரியாமல் ஒரு பெண்ணின் பின்னால் மனசைப் பறிகொடுத்துப் பிதற்றுகிற பாட்டு. தனிமைதான் அதன் உயிர். நடுராத்திரியில் மொட்டை மாடியில் படுத்துக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

படத்தில் என்ன நடக்கிறது? ஒரு கூட்டமே வரிசைகட்டி மேற்கத்திய அசைவுகளில் ஆடுகிறது. மீன்பிடி கிராமத்து ஜனங்கள், அவர்கள் நடுவில் நாயகன், நாயகி. ஆட்டம் மோசமில்லை. கேமரா வழக்கம்போல் அழகு. ஆனால் தனியாக ஒருவன் பிதற்ற வேண்டிய இடத்தில் இத்தனை பேர் எதற்கு? அந்தரங்கமாக ஒருவன் எழுதிய கடிதத்தை மைக் செட் வைத்துத் தெருவில் வாசித்தால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது.

இதே படத்தின் 'நெஞ்சுக்குள்ளே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வைரமுத்து எழுதியது. படம் வருவதற்கு முன்பே எம்.டி.வி. மேடையில் சக்திஸ்ரீ கோபாலன் அதைப் பாடினார். கடற்கரை இல்லை, படகு இல்லை, நாயகன் இல்லை, நாயகி இல்லை. ஒரு பெண் மைக் முன்னால் நின்று பாடினார், அவ்வளவுதான். பிறகு படத்திலும் அந்தப் பாட்டு வந்தது. மனசில் கைவைத்துச் சொல்லுங்கள், இன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டால் உங்கள் கண் முன்னால் எது வருகிறது? எனக்கு அந்த மேடைதான் வருகிறது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த காட்சியை ஒரு மைக் ஸ்டாண்டு தோற்கடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? பாட்டுக்கு அலங்காரம் போதவில்லை என்பதா? கிடையாது. பாட்டின் வழியில் குறுக்கே நிற்காமல் ஒதுங்கி நின்றாலே போதும் என்பதுதான் அர்த்தம்.

'கடல்' ஒரு உதாரணம். அதைவிடப் பழைய உதாரணமும் இருக்கிறது. 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்', 2000-ல் வந்த படம். இயக்கம் இதே ராஜீவ் மேனன். ஜேன் ஆஸ்டினின் ஆங்கில நாவலைச் செட்டிநாட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்த கெட்டிக்காரத்தனமான படம். எனக்குப் பிடித்த படம் என்பதால்தான் கோபமும் வருகிறது. அதில் 'என்ன சொல்லப் போகிறாய்' பாட்டு. ஒரு பெண்ணிடம் காதலைச் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்து நிற்கிறவனின் பாட்டு. அந்தப் பெண்ணோ ராசியில்லாதவள் என்று பேர் வாங்கி, வாயைத் திறக்கப் பயந்து, சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவிலேயே வாழ்க்கையைக் கழிக்கிறவள். சங்கர் மகாதேவன் அந்தத் தவிப்பைப் பாடியதற்குத் தேசிய விருதே கொடுத்தார்கள். சரியாகத்தான் கொடுத்தார்கள்.

அந்தத் தவிப்பு எங்கே படமானது தெரியுமா? எகிப்தில். பிரமிடு பக்கத்தில்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் பதில் சொல்லாமல் மௌனமாக நிற்கிற அந்தக் கூடத்தைவிடப் பெரிய பாலைவனம் எகிப்தில் இருக்கிறதா? கதையே ஒரு பாலைவனத்தைக் கையில் கொடுத்திருக்கும்போது, விமானம் ஏறி இன்னொரு பாலைவனத்தைத் தேடிப்போக வேண்டுமா? அதே படத்தின் தலைப்புப் பாட்டு ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டைக்குப் போனது. கதை காரைக்குடியில் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறது, பாட்டு பாஸ்போர்ட்டோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கே பாய்வார். எப்போதும் பாய்வார். "சார், பாட்டுன்னா கனவு சார். அதுல போய் லாஜிக் பாக்குறீங்களே..." என்பார். இந்த 'லாஜிக்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தமிழ் சினிமா எத்தனை வருஷமாகத் தப்பித்துக்கொண்டிருக்கிறது!

ஐயா, நான் லாஜிக் கேட்கவே இல்லை. லாஜிக் துளியும் இல்லாத ஒரு கலையைக் காட்டுகிறேன், என்னோடு வாருங்கள். மணப்பாட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. திருச்செந்தூர் - திருநெல்வேலி ரயில் பாதையில், தாமிரபரணியின் தென்கரையில், ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் திருக்குருகூர். நம்மாழ்வார் பிறந்த ஊர். அவர் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி மரம் இன்றைக்கும் ஆதிநாதர் கோயிலுக்குள் நிற்கிறது. வைகாசியில் ஒன்பது கருட சேவை பார்க்கக் கூட்டம் அலைமோதும். நான் சொல்லவருவது அதை இல்லை. மார்கழியில் அங்கே நடக்கிற அரையர் சேவையை.

ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, கர்நாடகத்தில் மேல்கோட்டை என்று நான்கே ஊர்களில் மிஞ்சியிருக்கும் கலை. நாலாயிரம் பாசுரங்களைத் தேடித் தொகுத்து இசையமைத்த நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாகச் சொல்வார்கள். அரையர் எப்படியிருப்பார்? தலையில் கூம்பு வடிவக் குல்லாய். கழுத்தில் மாலை. கையில் தாளம். முடிந்தது. செட் கிடையாது. லைட்டிங் கிடையாது. பின்னால் ஆட முப்பது பேர் கிடையாது.

அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். முதலில் பாசுரத்தைப் பாடுகிறார். பாடி முடித்துவிட்டு, அதே வரிகளுக்குக் கையாலும் முகத்தாலும் அபிநயம் பிடிக்கிறார். அதற்குப் பிறகு தம்பிரான்படி வியாக்கியானம் என்ற பழைய உரையிலிருந்து பொருள் சொல்கிறார். முதலில் காது, பிறகு கண், பிறகு புத்தி. இந்த வரிசை முக்கியம். பாட்டு உங்களுக்குள் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் கை அசைகிறது. கை, பாட்டுக்கு வேலைக்காரன். எஜமானன் இல்லை.

இப்போது லாஜிக்குக்கு வாருங்கள். திருவாய்மொழியின் நூறு பதிகங்களில் 27 பதிகங்கள் பெண் குரலில் வருகின்றன. காதலில் வாடும் தலைவி, கவலைப்படும் தாய், பக்கத்தில் நிற்கும் தோழி. இவற்றை நடித்துக் காட்டுகிறவர் யார்? குல்லாய் போட்ட ஒரு ஆண்பிள்ளை. வயது அறுபதாகவும் இருக்கலாம். 'முத்துக்குறி' என்று ஒரு பகுதி உண்டு. காதல் நோயால் மெலிந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று தாய் தவிக்க, குறிசொல்லும் கட்டுவிச்சி வந்து முத்துகளைப் பரப்பிக் குறி பார்ப்பாள். கொற்கை முத்து விளைந்த கரைக்குப் பொருத்தமான குறிதான்! மகள், தாய், கட்டுவிச்சி என்று அத்தனை பேரும் அந்த ஒரே மனிதர்தான். உடை மாற்றம்கூடக் கிடையாது.

இதில் லாஜிக் எங்கே? ஒரு பைசா லாஜிக் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு பெண் தெரிகிறாள், அவள் தாய் தெரிகிறாள். ஏன்? மனநிலை மாறவில்லை. பாட்டில் என்ன துக்கமோ அதுவேதான் கண்ணில். பாட்டில் என்ன ஏக்கமோ அதுவேதான் விரலில். பாடலின் பாவத்துக்கு விசுவாசமாக இருந்தால், வேஷம், இடம், வயது எது பொருந்தாவிட்டாலும் மன்னித்துவிடுவோம். பாவம் தப்பினால், பிரமிடே வந்து பின்னால் நின்றாலும் மன்னிக்க முடியாது. நான் கேட்பது இதைத்தான். லாஜிக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாவத்தைக் கொடுங்கள்.

இதற்காகச் சினிமாக்காரர்கள் எல்லாரும் அரையர் சேவைக்கு வந்து உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குள்ளேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 'படகோட்டி', 1964. மீனவர்களைப் பற்றிய படம். வாலியின் வரிகள், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, டி.எம்.எஸ். குரல். தரையில் பிறந்தும் தண்ணீரில் பிழைக்க விதிக்கப்பட்டவர்களின் புலம்பல் ஒன்று அதில் உண்டு. படகு, தண்ணீர், எம்.ஜி.ஆர். முகம். வேறென்ன வேண்டும்? எம்.ஜி.ஆரைக் கனவுக் காட்சியில் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் ஆடவிட்டிருக்கலாம், ரசிகர்கள் விசிலடித்திருப்பார்கள். அந்தப் பாட்டில் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் இந்தக் கடற்கரையில் அறுபது வருஷம் தாண்டியும் அந்தப் பாட்டு உயிரோடு இருக்கிறது.

"அப்படின்னா சோகப் பாட்டுக்குச் சோகமா, சந்தோஷப் பாட்டுக்குச் சந்தோஷமா எடுத்துக்கிட்டே இருக்கணுமா? போரடிக்காதா?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி. பதில்: வேண்டியதில்லை. முரண் வேறு, முரட்டுத்தனம் வேறு.

'தளபதி' படத்தின் 'சுந்தரி' பாட்டைப் பாருங்கள். 1991. இளையராஜாவின் இசையில் எஸ்.பி.பி.யும் ஜானகியும் பிரிவாற்றாமையைக் கொட்டுகிறார்கள். திரையிலோ குதிரையும் கத்தியும் கவசமுமாகப் போர்க்களம். கேட்டால் காதல், பார்த்தால் சண்டை. ஆனால் இடிக்கவில்லை. காரணம், வாலியின் வரிகளுக்குள்ளேயே ஒரு வாள் இருக்கிறது. போர்க்களத்துக்குப் போகிறவனின் காதல் அது. கதையிலும் நாயகன் வன்முறைக்கு வாக்கப்பட்டவன், அதனாலேயே காதலை இழக்கப்போகிறவன். படம் பாட்டிலிருந்துதான் முளைத்திருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை.

இன்னும் சமீபத்தில் 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது. சினிமாவே இல்லாத தனிப் பாட்டு. சந்தோஷ் நாராயணன் இசை, தீயும் அறிவும் பாடினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டியின் தலைமுறைக் கதையிலிருந்து அறிவு எழுதிய வரிகள். உள்ளே ஒப்பாரி இருக்கிறது. வெளியே ஆடவைக்கும் தாளம். வீடியோவிலோ வண்ணமோ வண்ணம். நிலத்தை இழந்தவனின் கதைக்கு இவ்வளவு கலரா என்று சிலருக்கு நெருடலாம். எனக்கு நெருடவில்லை. பாடைக்கு முன்னால் பறையடித்து ஆடிக்கொண்டே போகிற ஜாதி நாம். அழுகையும் ஆட்டமும் ஒரே தெருவில் போவது நமக்குப் புதிதில்லை. அந்த வீடியோவில் அறிவின் பாட்டியே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த முகம் ஒன்று போதும், இந்தக் கொண்டாட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு. அந்த முரண் தெரிந்தே செய்தது.

ஆக, சோதனை சுலபம். இந்தப் படம் ஏன் இந்தப் பாட்டுக்கு வந்தது என்று கேட்டால் பாட்டிலிருந்து ஒரு பதில் வர வேண்டும். 'சுந்தரி'க்கு வரும். 'எஞ்சாமி'க்கு வரும். பிரமிடுக்கு? "லொக்கேஷன் சூப்பரா இருந்துச்சு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

சரி, ஏன் இப்படி நடக்கிறது? இங்கேதான் நான் படித்த பி.காம். எனக்கு உதவிக்கு வருகிறது. கலைக் காரணம் தேடினால் கிடைக்காது. கணக்குக் காரணம் தேடுங்கள், உடனே கிடைக்கும்.

ஒரு பாட்டு எப்படித் தயாராகிறது? இசையமைப்பாளர் மெட்டுப் போடுகிறார். கவிஞர் மெட்டுக்கு வார்த்தை வைக்கிறார். பாடகர் வந்து பாடிவிட்டுப் போகிறார். இது வரைக்கும் கதையின் சூழ்நிலை என்ன என்று எல்லாருக்கும் சொல்லப்பட்டிருக்கும். இதற்குப் பிறகு பாட்டு டான்ஸ் மாஸ்டர் கைக்குப் போகிறது. நாயகனின் கால்ஷீட், நாயகியின் கால்ஷீட், விசா, விமான டிக்கெட் எல்லாம் கூடிவருகிற நாலைந்து நாளில் எடுத்தாக வேண்டும். பல படங்களில் வசனக் காட்சிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் பாட்டுக்கே கிளம்புவார்கள். அதற்குள் அந்தச் சூழ்நிலையை எல்லாரும் மறந்திருப்பார்கள். ஞாபகம் இருப்பது நாலு நிமிஷமும் அதை நிரப்ப வேண்டிய ஸ்டெப்புகளும்தான். பாட்டு கதையின் பகுதியாகப் பிறந்து, போஸ்டராகச் செத்துப்போகிறது.

கணக்குப்பதிவில் மூலதனச் செலவு, வருவாயினச் செலவு என்று இரண்டு உண்டு. வருஷக்கணக்கில் பலன் தருவதற்குச் செய்வது முதலாவது. இந்த மாத மின்சார பில் மாதிரி, அப்போதைக்கு அப்போது தீர்ந்துபோவது இரண்டாவது. மெட்டும் வரியும் குரலும் மூலதனம். ஐம்பது வருஷம் வட்டி தரும். டி.எம்.எஸ். பாட்டு இன்றைக்கும் டீக்கடையில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டுக் காட்சி? எகிப்தைப் பார்க்கத் தியேட்டருக்குப் போன காலம் மலையேறிவிட்டது. உங்கள் கைப்பேசியில் தட்டினால் பிரமிடு வந்து நிற்கும். அந்தச் செலவுக்குத் தேய்மானம் போட்டால் ஐந்து வருஷத்தில் மதிப்பு பூஜ்யம். பாட்டோடு ஒட்டி, அதன் மனநிலையோடு பிறந்த காட்சிக்கு மட்டும்தான் பாட்டின் ஆயுசு கிடைக்கும். முதலாளிகளே, இது கலை உபதேசம் இல்லை, உங்கள் பேலன்ஸ் ஷீட்!

லேபிள் மாறிய சரக்குக்கும் ஒரு உதாரணம் சொல்லிவிடுகிறேன். 2011 நவம்பரில் 'கொலவெறி' வந்தது. ரெக்கார்டிங் தியேட்டரில் தனுஷ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே பாடுகிற வீடியோ. அனிருத்தின் முதல் படம். உலகமே பாடியது. அந்தக் குதூகலத்தை நம்பி, 2012 மார்ச்சில் '3' படத்துக்கு ஜனங்கள் போனார்கள். அங்கே காத்திருந்தது மனநோயோடு போராடித் தற்கொலையில் முடியும் ஒரு இளைஞனின் கதை. பாட்டுக்கும் அந்த வீடியோவுக்கும் பொருத்தம் பிரமாதம். அந்தப் பாட்டுக்கும் படத்துக்கும்? மிட்டாய் பேப்பரில் மருந்தைச் சுற்றிக் கொடுத்த மாதிரி. மருந்து நல்ல மருந்தாகவே இருக்கட்டும், மிட்டாய் கேட்டு வந்தவன் துப்பத்தானே செய்வான்? கெட்டது யாருக்கு? படத்துக்குத்தான்.

எனக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சினிமாக்காரன் பணம், சினிமாக்காரன் பாட்டு. உண்மை. ஆனால் அவன் பழக்கிவிட்ட பழக்கம் இப்போது நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதுதான் என் கவலை.

ஒரு காலத்தில் நமக்குப் பாட்டு காது வழியாகத்தான் வந்தது. இந்தத் தூத்துக்குடிக் கரையில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்கும். அப்துல் ஹமீது குரலும் கே.எஸ்.ராஜா குரலும் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். படம் வந்து சேர்வதற்கு முன்பே பாட்டு வந்துவிடும். ஒவ்வொருத்தர் மனசிலும் ஒவ்வொரு படம் ஓடும். ஒரு பாட்டைக் கேட்டு இது அழுகிற பாட்டு, இது கெஞ்சுகிற பாட்டு, இது கேலி செய்கிற பாட்டு என்று காதே சொல்லிவிடும். அரையர் சேவையின் அதே வரிசை, முதலில் காது. 1981 ஆகஸ்ட் முதல் தேதி அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியபோது முதலில் போட்ட பாட்டே, ரேடியோ நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்று சொல்லும் பாட்டுதான். தமாஷாகப் போட்டார்களோ, திமிராகப் போட்டார்களோ, நம் ஊரிலும் அது பலித்துவிட்டது. இன்றைக்குப் பாட்டே படமாகத்தான் பிறக்கிறது. காதுக்கு யோசிக்க நேரமே தருவதில்லை.

விளைவு என்ன? பாட்டின் மனநிலை என்று ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிற்று. 2023 டிசம்பரில் இந்த மாவட்டத்தை மழை அடித்துத் துவைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்று, நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். அப்போது கைப்பேசியில் சுற்றிய சில வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வீடு மூழ்குகிறது, பின்னால் ஹீரோ அறிமுக இசை. மாடு அடித்துக்கொண்டு போகிறது, பின்னால் ஒரு குத்துப்பாட்டு. செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சினிமா அவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறது, எந்தப் படத்துக்கும் எந்தப் பாட்டையும் ஒட்டலாம் என்று.

ஆழ்வாரையும் விடவில்லை. திருக்கோளூர் என்று ஒரு ஊர், ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில், நவதிருப்பதியில் ஒன்று. மகள் வீட்டைவிட்டுத் தனியாகக் கிளம்பித் திருக்கோளூருக்கே போய்விட்டாள் என்று ஒரு தாய் கலங்குவதாக நம்மாழ்வாரின் பதிகம் ஒன்று உண்டு. வழியில் என்ன பாடுபட்டாளோ, எப்படி நடந்தாளோ என்று பெற்றவள் புலம்புகிறாள். அந்தப் பதிகத்துக்கு ஒரு வீடியோ பார்த்தேன். ட்ரோன் கேமரா கோபுரத்தைச் சுற்றிப் பறக்கிறது. வாணவேடிக்கை வெடிக்கிறது. யானை வருகிறது. தாயைக் காணோம். மகளைக் காணோம். பக்திதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு அம்மா அங்கே அழுதுகொண்டிருக்கிறாள், யாருமே திரும்பிப் பார்க்கவில்லையே!

பாசுரம் தெரியாத பேரன் அந்த வீடியோவைத்தான் முதலில் பார்ப்பான். அவனுக்கு அது திருவிழாப் பாட்டு. அந்தத் தாயின் அழுகை அவனைப் போய்ச் சேராது. அரையர்கள் பாட்டிலிருந்து பிரிக்காமல் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வந்த மனநிலையை, நாலு நிமிஷ வீடியோ ஒன்று அழித்துவிடும். அந்தக் கலையைச் செய்கிற குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடியோ செய்கிற கைகளுக்கோ கணக்கே இல்லை. பந்தயம் சமமாகவா இருக்கிறது?

ஆகவே, படம் எடுக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். லொக்கேஷன் பார்ப்பதற்கு முன்னால் பாட்டை ஒரு நாள் முழுக்க இருட்டில் உட்கார்ந்து கேளுங்கள். பாடுகிறவன் தனியாக இருக்கிறானா, கூட்டத்தில் இருக்கிறானா? கேட்கிறானா, கொடுக்கிறானா? அழுகிறானா, அழுகையை மறைக்கிறானா? இதற்குப் பதில் தெரிந்தால் கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்று பாட்டே சொல்லும். பதில் தெரியாவிட்டால் தயவுசெய்து மைக் ஸ்டாண்டை வைத்து எடுத்துவிடுங்கள். செலவும் மிச்சம், பாட்டும் பிழைக்கும்.

வாசகர்களாகிய நீங்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். புதுப் பாட்டு வந்தால் உடனே திரையைப் பார்க்காதீர்கள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு தடவை கேளுங்கள். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். "இந்தப் பாட்டுல ஆளு சந்தோஷமா இருக்கானா, வருத்தமா இருக்கானா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற பதிலை மனசில் வைத்துக்கொண்டு, பிறகு படத்தைத் திருப்பிப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால், "பாட்டு சூப்பர், எடுத்தது சரியில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூலிங்கிளாஸ் நல்லா இருந்துச்சு என்று மழுப்பாதீர்கள்.

நாம் காதைத் தீட்டிக்கொள்ளாத வரைக்கும் அவர்கள் டிக்கெட் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.